தம்பியின் கையெழுத்து

என் தம்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. மனதளவில் அவன் ஐந்தாறு வயதுப் பிள்ளை. தானாகக் குளிப்பான், சாப்பிடுவான், காய்ந்த துணிகளை அழகாக மடித்து வைப்பான். ஆனால் ரூபாய் நோட்டுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. அம்மா போன பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா, எங்கே போனாலும் அவனைக் கூட்டிக்கொண்டுதான் போவார். காந்தி மார்க்கெட்டில் இந்த ஜோடியைத் தெரியாத காய்க்காரர்கள் குறைவு.

நான் உறையூரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. அண்ணன் ஓசூரில். அப்பாவிடம் இருந்தது மாடி வைத்த ஒரு வீடும் வங்கியில் கொஞ்சம் பணமும்.

அவர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டுத் திரும்பியபோது முதன்முறையாக உயில் பேச்சை எடுத்தேன். கீழ்வீட்டில் தம்பி கடைசிவரை இருக்கலாம், மாடியை வாடகைக்கு விட்டு வருகிற பணம் அவன் செலவுக்கு என்று எழுதி வைத்தால் போதும் என்றேன். அவன் சார்பில் கையெழுத்துப் போடச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும், அதற்கும் இப்போதே விண்ணப்பித்துவிடலாம் என்றேன். சிறப்புப் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி சொல்லித்தான் எனக்கே இதெல்லாம் தெரியும்.

“நம்ம என்ன ஜமீனாம்மா, உயில் எழுதுறதுக்கு?” என்றார் அப்பா. “நீங்க ரெண்டு பேரு இருக்கீங்க. இவனை நடுத்தெருவுல விட்ருவீங்களா? விட்ருவோம்னு சொல்லு, இப்பவே எழுதித் தரேன்.”

விடமாட்டோம் என்றால் காகிதம் எதற்கு என்பார். காகிதம் வேண்டும் என்று வற்புறுத்தினால் எங்களையே நாங்கள் நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் ஆடி மாதம் வந்தது, நல்ல காரியம் எதையும் பேசக்கூடாது. மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் முடியட்டும் என்றார். தையில் மாடிக்கு வெள்ளையடிக்கிற வேலை. இப்படியே இரண்டு வருடம் போனது.

ஒரே ஒரு முறை, என் தொல்லை தாங்காமல், கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலைப் பார்க்க வந்தார். தம்பியும் வந்தான். வக்கீல் இளம்பெண், பொறுமையாகப் பேசினார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசியில் கேட்டார்: “சார், உங்களுக்கு அப்புறம் உங்க பொண்ணு பாத்துக்குவாங்க. அவங்களுக்கும் முடியாமப் போச்சுன்னா, யாரு பாக்கணும்?”

அப்பா எழுந்தார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது இருவரும் இல்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கே போய்விட்டார்கள். அவர் சாவுக்குப் பயப்படுகிறார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது இல்லை. தான் இல்லாத ஓர் உலகத்தில் அந்தப் பிள்ளை நிற்பதை ஒரு நிமிடம்கூட நினைத்துப்பார்க்க அவரால் முடியவில்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் கோபம் மட்டும் குறையவில்லை.

அடுத்த கோடையில் அப்பா குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியங்கள் முடிந்த பிறகு தம்பியோடு வங்கிக்குப் போனேன். கணக்குக்கு நாமினி என்று யாரையும் அப்பா நியமித்திருக்கவில்லை. பிள்ளைகள் மூவரும் கையெழுத்திட வேண்டும் என்ற அதிகாரி, இவர் போடுவாரா மேடம் என்று கேட்டார். பேனாவைக் கொடுத்தேன். தம்பி தாளின் குறுக்கே நெளிநெளியாக ஒரு கோடு இழுத்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தான். அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார், இது செல்லாது, கைரேகையும் செல்லாது, பாதுகாவலர் உத்தரவு கொண்டுவாருங்கள் என்று.

அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம், மருத்துவச் சான்றுக்கு அரசு ஆஸ்பத்திரி, விண்ணப்பத்துக்கு ஆட்சியர் அலுவலகம். பள்ளியில் விடுப்பெல்லாம் தீர்ந்துபோனது. எல்லா இடத்திலும் தன்மையாகவே பேசினார்கள். கேட்டதெல்லாம் நியாயமாகவே இருந்தது. எனக்குத் திட்டுவதற்கு ஆளே கிடைக்கவில்லை. திட்ட வேண்டியவர் கூடத்துச் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு மகள் கல்லூரிச் செலவு. வீட்டில் தன் பங்கை எடுத்துக்கொள்ள நினைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் தம்பிக்கும் பங்கு இருப்பதால் நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்க முடியாது என்று நான் சொன்னதும் போனிலேயே வெடித்தான்.

“நீதானே வாரா வாரம் அப்பாகிட்ட போய்ட்டு வந்தே. எழுதி வாங்க வேண்டியதுதானே?”

“நான் கேட்டேன். நீ ஒரு தடவையாவது கேட்டியாண்ணே?”

போனை வைத்துவிட்டான். பங்கு முடிவாகும்வரை வாடகைக்கும் விடவேண்டாம் என்று பிறகு செய்தி அனுப்பினான். எங்களுக்குள் அதற்கு முன் சண்டை வந்ததே கிடையாது.

ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, விசாரித்த பெண் அதிகாரி தம்பியின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க யார்கூட இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?”

“அப்பாகூட” என்றான் அவன், தெளிவாக.

அதிகாரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

உத்தரவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வங்கிப் பணம் கிடைத்தது. வீடு பூட்டித்தான் கிடக்கிறது. தம்பி உறையூரில் என்னோடு இருக்கிறான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நம்ம வீட்டுக்கு எப்போ போகலாம் என்று கேட்பான். நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் என் உயிலை எழுதினேன். எனக்குப் பிறகு தம்பிக்கு என்ன, அவனை யார் பார்ப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. என் மகளிடம் கேட்டு, அவள் யோசிக்க அவகாசம் கொடுத்து, சம்மதம் வாங்கித்தான் எழுதினேன். இப்போது இதற்கு என்ன அவசரம் என்று கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துக் கேட்டபோது பக்கத்து வீட்டம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாகவா என்று உள்ளே போய்விட்டார். கடைசியில் ஆசிரியர் அறையில் சக ஆசிரியைகள் இருவர் போட்டுக்கொடுத்தார்கள்.

போட்டுவிட்டு அவர்களில் ஒருவர் சிரித்தார். “இதெல்லாம் இருக்கறவங்களுக்கு டீச்சர். எங்ககிட்ட என்ன இருக்கு, ஒரே ஒரு வீடு.”

யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன்.

“மாமனார் பேர்லதான். அவரு போயி பல வருஷம் ஆச்சே” என்றார். மாமனாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்பதற்குள் மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.