நாத்தனார் முடிச்சு

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவான். மீதி முடிச்சுகளை அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். வருகிறவளுக்கு இனி நானும் பொறுப்பு என்று நாத்தனார் ஊரறியச் சொல்வதற்கு அதுதான் வழி. என் தம்பிக்கு நான் ஒரே அக்கா. தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்குப் பெண் நிச்சயமானபோது நான் ஞானஸ்நானம் பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆகவே முடிச்சு யார் போடுவது என்று கல்கத்தா பவானிபூரில் எங்கள் வீட்டில் ஒரு யுத்தமே மூண்டது.

முதலில் கிளம்பியவர் பெரியப்பா. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அதிகாரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு, "வேதத்துல சேந்தவ கை தாலில படக் கூடாது. எம் மவ போடட்டும்" என்றார். அப்பா, படித்து முடித்த பேப்பரையே திரும்ப விரித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "நான் ஏசுவைக் கும்பிடுதேன் பெரியப்பா. அதுக்காக இவனுக்கு அக்கா இல்லன்னு ஆயிருவேனா?" என்று கேட்டேன்.

"வாய் மட்டும் மாறலட்டி ஒனக்கு" என்றார் அவர். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சபையிலும் இதே கதைதான். பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துத் தமிழில் ஆராதனை நடத்தினோம். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள் நான். போதகரும் எங்களைப் போலத் திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"சிஸ்டர், சாமி படத்துக்கு முன்னால வச்சுப் பூசை பண்ணின தாலி. அத நீங்க தொடலாமா?"

"ஒங்க கல்யாணத்துல மீதி முடிச்சு யாரு போட்டாங்க ஐயா?"

பக்கத்தில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "எங்க மதினிதான். இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்றார். போதகர் சிரிக்கவில்லை. "அது ஜெபம் பண்ணிக் கட்டின தாலி. இது வேற" என்றார்.

வேறுதான். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. யாரோ ஒருவர் பேச்சுக்காக நான் கிறிஸ்துவிடம் வரவில்லை. தேடி, படித்து, வீட்டில் அடி ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்குத் திட்டு வாங்கி வந்தவள். அதை ஒரு கல்யாணத்துக்காகத் தண்ணீர் ஊற்றிக் கலக்க எனக்கு மனம் இல்லை. தம்பியை விட்டுக்கொடுக்கவும் மனம் இல்லை. சில நாட்கள் ஜெபித்தேன். பிறகு தெளிவு வந்தது. தம்பி பக்கத்தில் விளக்குப் பிடித்து நிற்பதும் நாத்தனார் வேலைதான். அது சாமிக்கு ஏற்றுகிற விளக்கு, அதை நான் பிடிக்க மாட்டேன். ஆரத்தியும் எடுக்க மாட்டேன். முடிச்சு என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நான் கொடுக்கிற வாக்கு. அதைப் போடுவேன்.

அடுக்களையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நான் ஞானஸ்நானம் பெற்ற வாரம் முழுவதும் என்னிடம் பேசாமல் இருந்தவள் அம்மா. இப்போது போட்டோல் காயை நறுக்கியபடியே, "வெளக்க ஒங்க பெரியப்பா மவ பிடிக்கட்டும். மத்தத நீ பாத்துக்க" என்றாள்.

கல்யாணத்தன்று நாதஸ்வரத்துக்கு கேசட்தான். ஆனால் காக்கிமா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் சங்கும் கையுமாக வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். தம்பி தாலியைப் பெண் கழுத்தில் வைத்தான். சங்கு முழங்கியது, குலவை எழுந்தது. பெரியப்பா தன் மகளை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். அவள் ஒரு கையில் விளக்கை வைத்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா எங்க?" என்றான், மந்திரத்துக்கு மேல் கேட்கிற மாதிரி.

புரோகிதர் நேரமாகிறது என்றார். பெரியப்பா பல்லைக் கடித்தார். காக்கிமாக்கள் பாவம், நிறுத்துவதா ஊதுவதா என்று தெரியாமல் மூச்சு முட்ட ஊதிக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்து போய் மணப்பெண்ணுக்குப் பின்னால் குனிந்தேன். "நல்லா இறுக்கிப் போடுங்க மதினி" என்று அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். ஆண்டவரே, இவள் எங்கள் வீட்டில் அழக் கூடாது என்று வாய்க்குள் ஜெபித்தபடி முடிச்சுகளைப் போட்டேன். என் விசுவாசத்தில் ஒரு நூல்கூடக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சபைக் கமிட்டிக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் முடியும்வரை பாடகர் குழுவில் நிற்க வேண்டாம், கடைசி பெஞ்சில் உட்காருங்கள் என்றார். பாட்டுதான் என் உயிர் என்று அவருக்குத் தெரியும். சரி ஐயா என்று சொல்லிவிட்டு, மினிபஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

அதுவரை அம்மா அந்த ஹாலின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பட்டுச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ. போதாததற்குக் கையில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதாம். "இதெல்லாம் அங்க வேண்டாம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். அம்மா மட்டும் போதகரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் நேராக அவரிடம் போய்த் தாம்பாளத்தை நீட்டினாள். அவர் தயங்கிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எம் மவள ஒங்க சாமிக்குக் குடுத்துட்டேன்யா. அழுதுக்கிட்டேதான் குடுத்தேன், ஆனா குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. "ஒங்களுக்குக் குடுக்கலையே."

போதகர் தண்டனையைக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் சபை. சொன்னபடி கிறிஸ்துமஸ் முடியும்வரை கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். அத்தனை ஞாயிறும் அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.