பூத்த செடிக்குக் கட்டிய ரிப்பன்

தேயிலை பூக்கும் என்று சொன்னால் டவுனில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பூக்கும். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குஞ்சம், கிட்டப் போய் முகர்ந்தால் லேசான வாசம். ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்தப் பூவை யாரும் மதித்ததில்லை. பூத்துக்கொண்டே இருக்கிற செடி கொழுந்து தராது. பெண்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாமல் போனதால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

போன மாதம் என் பேத்தி விஞ்ஞானப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கூர்ப்பு, இயற்கைத் தேர்வு என்றெல்லாம் வந்தது. என்ன அது என்று கேட்டதற்கு விளக்கினாள். ஒரே இனத்தில் பிறந்தாலும் ஒன்றுபோல் ஒன்று இராதாம். நோயும் பனியும் வரும்போது தாங்குவது நிற்குமாம், தாங்காதது போகுமாம். நின்றதுதான் பிள்ளை பெற்றுப் பெருகுமாம். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டேன். இதை என் அம்மா எழுத்துத் தெரியாமலே சொல்வாள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அந்த நாலு பேரில் என் பேத்தியும் சேர்த்திதான். அதனால் எழுதுகிறேன்.

லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டம். அம்மா கொழுந்து எடுத்த ஏழாம் நம்பர் மலை முழுக்க, விதை போட்டு வளர்த்த பழைய தேயிலை. இப்போது போல ஒரே செடியில் வெட்டி வைத்த கன்றுகள் அல்ல. விதையில் வந்ததால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம். அம்மாவும் கூட்டாளிகளும் அவற்றை வகை பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள். கை வைத்ததும் கொழுந்தை அள்ளிக் கொடுக்கிறவள் தாராளக்காரி. எட்டு நாள் கழித்துப் போனாலும் இரண்டு இலையோடு நிற்கிறவள் கஞ்சப்பிசினாரி. காம்பு ஒடியாமல் இழுத்துப் பிடிக்கிறவள் வம்புக்காரி. பனிக்கு முதலில் கருகுகிறவள் சீக்காளி. பூத்து நிற்கிறவளுக்குச் சிங்காரி என்று பெயர். வேலையை மேற்பார்க்கிற கங்காணிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு இரண்டே வகைதான்: கொழுந்து எடுத்த செடி, எடுக்காத செடி.

அந்த வருடம் மழை விடவே இல்லை. இலையில் கொப்புளம் விழும் நோய் வந்து மலையே சொறி பிடித்தது போல ஆகிவிட்டது. அப்போதுதான் தேயிலை ஆராய்ச்சி செய்கிற ஓர் உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த இளவயது ஆள். அட்டைக்குப் பயந்து காலுறையெல்லாம் சவுக்கார நுரை பூசியிருந்தார். பெண்கள் அவருக்குச் செடி ஐயா என்று பெயர் வைத்தார்கள். நோய் பிடிக்காத செடிகளைக் கண்டுபிடித்து, அவற்றில் கிளை வெட்டிக் கன்று போட்டு, மலை முழுவதையும் அந்தக் கன்றுகளாலேயே நிரப்ப வேண்டும். அதுதான் அவர் வேலை.

கங்காணி நடக்கச் சோம்பல்பட்டுப் பாதையோரத்துச் செடிகளையே காட்டினார். அம்மா கூடையை இறக்காமல் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அதெல்லாம் வெயில்ல நிக்கிற செடிங்கய்யா. காஞ்ச எடத்துல கொப்புளம் வராது. ஈரத்துலயே நின்னுக்கிட்டு கொப்புளம் வாங்காம இருக்கே, அதுதான் நல்ல செடி."

"ஒன்னைய யாரு கேட்டா? கொழுந்தப் பாரு" என்றார் கங்காணி.

"நான்தான் கேட்டனான்" என்றார் ஐயா.

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கேட்டனான் என்ற பேச்சுக்கும் சிரித்தார்கள், கங்காணியின் முகத்துக்கும் சிரித்தார்கள். ஐயா தன் பையிலிருந்து ஒரு சுருள் சிவப்பு ரிப்பனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "நீங்கள் பாத்து நல்லதுகளுக்கு இதைக் கட்டி விடுங்கோ அம்மா. ஒரு மாசத்தால வருவன்."

உத்தியோகத்தர் ஒருவர் அம்மாவை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று அம்மா அதை வீட்டில் மூன்று தரம் சொல்லிவிட்டாள். மூன்றாவது தரம் அப்பா, "சரி, நீங்கள் போய் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துங்கோ" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.

அந்த மாதம் முழுக்க அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டே தேடினாள். பதினொரு செடிக்குக் கட்டினாள். மிச்சத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் ஒரு துண்டு கேட்டதற்கு, "அது ஐயாவோட சாமான்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கப்பிள்ளையின் மகள்தான் ரிப்பன் கட்டி வருவாள். எங்கள் சடைக்கெல்லாம் பழைய சேலைக் கரை.

ஒரு நாள் அம்மாவுக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோன வழியில், ஓடையோரம் இரண்டு செடிகளில் ரிப்பன் தொங்கியது. யாரும் இல்லை. செடிக்கு எதற்கு ரிப்பன், அதற்கு என்ன சடையா இருக்கிறது என்பது என் நியாயம். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டேன். காலையில் நாங்கள் குடியிருந்த லயத்து வளைவு தாண்டியதும் சடையில் கட்டுவேன். திரும்பும்போது அவிழ்த்துப் புத்தகத்துக்குள் வைப்பேன். பத்து நாள் இப்படியே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள். "நாளைக்குச் செடி ஐயா வாறாரு. ஓடையோரத்துல ரெண்டு இருக்கு, அதுக ரெண்டும்தான் தங்கம். மத்த ஒம்பதும் அதுக்குப் பெறகுதான்."

பாதி ரொட்டியோடு எழுந்துபோய், புத்தகத்துக்குள் இரண்டு ரிப்பனும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மறுநாள் காலை அம்மா வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனதும், ரிப்பன்களை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினேன். ஒரே மூடுபனி. ஓடையோரம் நூறு செடிகள் இருக்கும். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே செடிதான். பச்சையாக, என் நெஞ்சளவுக்கு, ஒன்றும் சொல்லாமல் நின்றன. எதிலிருந்து அவிழ்த்தேன் என்று எப்படிச் சுற்றிப் பார்த்தும் தெரியவில்லை. அழுகை வந்த நேரத்தில் பனி கொஞ்சம் விலகியது. இரண்டு செடிகள் அடி முதல் நுனி வரை வெள்ளைப் பூவாக நின்றன. இவ்வளவு அழகாக இருக்கிறதே, அம்மா சொன்ன தங்கம் இதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். சடைக்குப் போடுகிற மாதிரியே பூ முடிச்சுப் போட்டு, இரண்டு காதையும் சரிசமமாக இழுத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

பிறகு தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் போத்தலோடு மறுபடியும் மலைக்குப் போனேன். ஐயா வந்திருந்தார். ஒவ்வொரு ரிப்பன் செடியிலும் இலையைத் திருப்பிப் பார்த்து, கொப்பியில் எழுதி, "அருமை அம்மா, அருமை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பது செடிகள் ஆயின. அம்மா முன்னால் நடந்த நடையே வேறாக இருந்தது. கங்காணி வாயைத் திறக்கவில்லை.

ஓடையோரம் வந்ததும் அவர் வாய் திறந்துகொண்டது.

"ஐயா, ஓடி வாங்க! இங்க ரெண்டு பூத்துக் குலுங்குது. மாரியம்மனுக்கு மால கட்ட எடுத்து வச்சிருக்கா போல!"

"அடியே, போயும் போயும் சிங்காரியையா புடிச்ச?" என்று அம்மாவின் கூட்டாளிகளே விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. "இதையும் நீங்கள்தானோ அம்மா கட்டினது?" என்று கேட்டார்.

அம்மா ரிப்பனைப் பார்த்தாள். அவள் போடுவது கொழுந்துச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு. இதுவோ காதை விரித்துக்கொண்டு நின்றது. அதில் எண்ணெய் பட்ட நீளமான ஒரு தலைமயிரும் சுற்றியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் சடையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். அம்மா இரண்டு ரிப்பனையும் வெடுக்கென்று இழுத்து அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டாள்.

"நாந்தான்யா கட்டுனேன். கண்ணு ஏமாந்துருச்சு."

"பரவாயில்லை, எனக்கு இந்த ஒன்பதே காணும், போதும்" என்று சொல்லி ஐயா கொப்பியை மூடினார்.

"கண்ணு ஏமாந்துருச்சாம்! பொம்பள பேச்சக் கேட்டா இப்பிடித்தான்" என்றார் கங்காணி. அன்றிலிருந்து அம்மாவுக்குப் பூக்காரி என்று பெயர். வேலையிலிருந்து நிற்கும்வரை அந்தப் பெயர் போகவில்லை. எதற்கும் எதிர்ச்சொல் சொல்கிற அம்மா அதற்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அன்று சாயங்காலம் அடிக்காகக் காத்திருந்தேன். அம்மா சீப்பை எடுத்து என்னை உட்கார வைத்தாள். வழக்கத்தை விட இறுக்கிப் பின்னி, அந்த இரண்டு ரிப்பனையும் கட்டினாள். "இனிமே இங்கேருந்தே கட்டிக்கிட்டுப் போ. வளைவுல நின்னு கட்டாத, அட்ட ஏறும்" என்றாள். எனக்கு அடி விழவில்லை, ரிப்பனும் கிடைத்தது. கதை அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வயது வந்து நானும் மலைக்குப் போனேன். பல வருடம் கொழுந்து எடுத்த பிறகுதான் ஒரு செடியை இன்னொரு செடியிலிருந்து பிரித்துப் பார்க்க என் கை பழகியது. அப்போதுதான் உறைத்தது. அன்று ஓடையோரத்தில் அம்மாவுக்கு, தான் முதலில் ரிப்பன் கட்டிய அந்த இரண்டு செடிகளும் கண் முன்னால்தான் நின்றிருக்கும். இதுதான் என்று கையை நீட்டியிருந்தால் போதும். ஆனால் ரிப்பன் எப்படி இடம் மாறியது என்று அடுத்த கேள்வி வரும். நான் அங்கேயே போத்தலோடு நின்றிருந்தேன்.

அதற்கெல்லாம் முன்னால், எனக்குப் பதினொரு வயதில், ஐயா கொண்டுபோன கிளைகள் கன்றாகி வந்ததும் ஏழாம் நம்பர் மலையை வேரோடு பிடுங்கினார்கள், ஓடையோரத்து அந்த இரண்டையும் சேர்த்து. விதையில் வந்த செடி ஒன்று போனால் அதே செடி திரும்பப் பிறக்காது. பிடுங்கியதையெல்லாம் ஓடைப்பக்கம் குவித்து, லயத்து ஆட்களை விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் அம்மாவோடு போனேன். மற்றவர்கள் அள்ளிக் கட்டிக்கொண்டு போக, அம்மா ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி, அடிமரத்தைத் தடவிப் பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகக் காய்ந்த கட்டையாகத் தேடுகிறாள் என்று நினைத்து, "இது காஞ்சிருக்கும்மா" என்று நானும் ஒன்றை எடுத்து நீட்டினேன்.