ஒரே லைனில் மூன்று ரிசீவர்கள்

கல்முனையில் நான் கணக்கு எழுதிய நெல் வியாபார அலுவலகத்தில் ஒரே லைனில் மூன்று தொலைபேசிகள் இருந்தன. முதலாளியின் அறையில் ஒன்று, என் மேசையில் ஒன்று, பின்னால் ஸ்டோரில் ஒன்று. ஒருவர் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

அன்று காலை என் கைத்தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து பழுதாகிவிட்டது. அதே காலையில்தான் தங்கச்சியைப் பிரசவத்துக்காகச் சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உம்மா அலுவலக இலக்கத்துக்குத்தான் கோல் எடுக்க வேண்டும்.

ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், மாவடிப்பள்ளி விவசாயி ஒருவரோடு நனைந்த நெல்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுக் கூட்டிய கணக்கு பிழையாக வந்தது. எழுந்து ஜன்னல்வரை போய்வந்து மறுபடி எடுத்தேன். அதே நெல். பொறுக்க முடியாமல் இடையில் புகுந்தேன்.

"காக்கா, லைன விடுங்க. தங்கச்சிக்கு ஒப்பரேசன் நடக்குது. உம்மா எடுப்பா."

"முதல்லயே செல்லியிருக்கலாமே, புள்ள," என்றார் அந்த விவசாயி. இருவரும் வைத்தார்கள்.

மணி அடித்ததும் மூன்று பேரும் எடுத்துவிட்டோம். அப்படி எடுத்தால் குரல் தேய்ந்துவிடும். உம்மா அழுவது மட்டும் கேட்டது, எதற்கென்று புரியவில்லை.

"எல்லாரும் வைங்க," என்று கத்தினேன். முதலாளி வைத்தார். குரல் சற்றுத் தெளிந்தது.

"மகள், பொம்புளப் புள்ள. தங்கச்சி கண் முழிச்சிட்டா. ரெண்டு பேரும் சுகம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று லைனில் முதலில் சொன்னவர் ஸ்டோர் காக்கா. அவர் ரிசீவரை வைக்கவே இல்லை.