குரலுக்கு ஒரு கட்டம்

என் சித்தி ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் பதினோரு வருடமாகத் தொலைபேசி எடுக்கிறார். வாடிக்கையாளர் சொல்வதைச் சீட்டில் எழுதி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சந்தையில் வாங்கி விற்கும் டீலரிடம் நீட்டுவது அவர் வேலை. அவர் இதுவரை ஒரு பங்குகூட வாங்கியதில்லை. ஏன் என்று கேட்டால், "ஹோட்டல்ல பரிமாறுறவ அங்கேயேதான் சாப்பிடணுமா?" என்பார்.

நான்கு மாதம் முன்பு, யாரும் கேட்காமலே, ஓர் எக்செல் தாளைத் தொடங்கினார். ஆப்ஷன், அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே போடும் ஒப்பந்தம், கேட்டு வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி. பங்கு ஏறும் என்று நம்புகிறவர் கால் ஆப்ஷன் வாங்குவார். இறங்கிவிடுமோ என்று பயப்படுகிறவர் புட் ஆப்ஷன் வாங்குவார். அன்றைய புட் எண்ணிக்கையைக் கால் எண்ணிக்கையால் வகுத்தால், அன்றைய பயம் ஓர் எண்ணாக வந்துவிடும். அது ஒன்றைத் தாண்டினால் கட்டம் தானாகச் சிவக்கும், குறைந்தால் பச்சையாகும். சந்தை முழுவதற்குமான எண் எங்கும் கிடைக்கிறது. சித்திக்கு வேண்டியிருந்தது "நம்ம ஆளுங்க" மனசு.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குரல்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தார். ஒன்று என்றால் பேசுகிறவர் படு நிதானம். ஐந்து என்றால் மூச்சு வாங்குகிறது. அலுவலகத்தில் அதிகம் சிரிப்புக்கு ஆளானது இந்தக் கட்டம்தான். டீலரை எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள். அவர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, என் குரலுக்கு எத்தனை மார்க்?" என்று தினமும் கேட்பார்.

"உனக்கு மார்க் போட அஞ்சு பத்தாதுப்பா."

முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு மொழிகளில் ஒரு மடல் அனுப்புவார். இரண்டாவது மொழியில் எழுதித் தருவது என் பகுதிநேர வேலை. அதுவரை உள் பக்கத்தில் ஒற்றை வரியாக வந்துகொண்டிருந்த சித்தியின் எண்ணை, சென்ற மாதம் முழு அட்டவணையாக முதல் பக்கத்தில் போட அவர் முடிவு செய்தார். கூட்டம் பயந்து நிற்கும்போதுதான் பங்கு மலிவாகக் கிடைக்கும் என்பது அவர் கட்சி. கீழே 'தயாரித்தவர்' என்று சித்தியின் பெயரும் வரும். சித்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பாதான் மாடி வீடு, கீழ் வீடு, லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் என்று ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தார்.

அட்டவணை வர வேண்டிய வெள்ளிக்கிழமை காலை, கடைசி எண்களை வாங்கிக்கொள்ள நான் சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார்.

"வழக்கம்போலத்தாம்மா. பதினஞ்சு புட் வித்துடுங்க. உங்க வீட்டுக்காரர் பல்லு இப்ப எப்படி இருக்கு?"

சித்தி சீட்டை நீட்டிவிட்டுத் தாளில் புட் பதினைந்து, குரல் ஒன்று என்று போட்டார். அன்றைய கட்டம் சட்டென்று சிவந்தது. சித்தி சிவப்பையும் அந்த ஒன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு பயந்த மனுஷன் பல்லைப் பத்தியா கேப்பாரு?" என்றார், என்னிடம் இல்லை, திரையிடம்.

இழுப்பறையைத் திறந்து பழைய சீட்டுகளை எடுத்தார். குரல் ஒன்று, இரண்டு என்று இருந்த புட் வரிகளைச் சீட்டோடு ஒப்பிட்டார். கிட்டத்தட்ட எல்லாமே விற்றவை. புட் விற்கிறவர் பயந்தவர் இல்லை. 'இறங்காது, இறங்கினால் நான் பொறுப்பு' என்று பயந்தவருக்கு வாக்குக் கொடுத்துக் காசு வாங்குகிறவர். தாளைத் தொடங்கியபோது அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்பதால், வாங்கியதா விற்றதா என்று பிரிக்க சித்தி கட்டமே வைக்கவில்லை. பிறகு அவர்கள் பெருகிவிட்டார்கள்.

"மூணு மாசமா தைரியத்தைப் பயம்னு எழுதி வச்சிருக்கேன்," என்றார் சித்தி.

அவசரத்துக்கும் அது கேட்டுவிட்டது. "அக்கா, யாரு உக்காந்து பாக்கப் போறா? இந்த வாரம் போகட்டும். அடுத்த வாரம் சத்தமில்லாம மாத்திக்கலாம்."

சித்தி சீட்டுக் கட்டோடு எழுந்து முதலாளி அறைக்குப் போனார். மடலின் நகலோடு நானும் பின்னால் போனேன்.

"முதல் பக்கம் முடிஞ்சாச்சேம்மா," என்றார் முதலாளி. "அச்சகத்துல பன்னிரண்டு மணிக்குக் கேக்குறாங்க."

"எல்லாரும் பயந்திருக்காங்க, பங்கு வாங்க இதுதான் நேரம்னு எழுதியிருக்கீங்க சார். நிஜத்துல யாரும் பயப்படல. நான் தப்பா எண்ணிட்டேன்."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"திங்கக்கிழமை காலையில தந்துடுறேன்."

"வெள்ளிக்கிழமை மடல் நின்னதே இல்ல."

"அப்ப என் அட்டவணையை எடுத்துட்டு அனுப்புங்க சார். பேரையும் எடுத்துடுங்க."

சித்தியின் கட்டைவிரல் சீட்டுகளின் ஓரத்தைச் சமப்படுத்திக்கொண்டே இருந்தது. குரல் மட்டும் அவருடைய அளவில் ஒன்றுதான். முதலாளி சீட்டுகளை வாங்கிப் புரட்டினார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பல் டாக்டர் குரலை வச்சு சார்."

முதலாளி போனை எடுத்து, மடல் திங்கட்கிழமை வரும் என்று அச்சகத்துக்குச் சொன்னார்.

சனிக்கிழமை பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில் சீட்டுகள்தான். சித்தப்பா ஒவ்வொன்றாகப் படிக்க, சித்தி தட்டினார்.

"வித்தது. வித்தது. வாங்கினது. வித்தது. நானே புரோக்கர் ஆயிடுவேன் போல."

"முதல்ல அந்தப் பல்லைப் பிடுங்குற வழியப் பாருங்க."

ஞாயிறு மதியத்துக்குள் தாளில் சிவப்பு அநேகமாகப் போய்விட்டது. எங்கு பார்த்தாலும் பச்சை. நம் ஆட்கள் பயப்படவில்லை, அளவுக்கு மீறித் தைரியமாக இருந்தார்கள். 'பங்கு வாங்க இதுதான் நேரம்' என்ற தலைப்பை முதலாளி 'சற்று நிதானம்' என்று மாற்றினார். முன்பு எண்ணியது தவறு என்ற வரியைச் சித்தியே எழுதினார். என் மொழிபெயர்ப்பில் அதை 'சிறு திருத்தம்' என்று கொஞ்சம் பூசி மெழுகியிருந்தேன்.

"மூணு மாசம் உனக்குச் சிறுசா?" என்று கேட்டு, அந்த 'சிறு'வை அடிக்கச் சொன்னார்.

அந்த வரிக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், அவர் பெயர் வந்தது. அச்சில் நான் அதை இரண்டு மொழிகளிலும் தடவிப் பார்த்தேன். என் பெயர் வந்திருந்தால்கூட அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

அந்த வாரம் சந்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சித்தி அதைப் பொருட்படுத்தவில்லை. வாங்கியது, விற்றது என்று புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்த்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

வியாழக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரம், தொலைபேசியை அவசரம் எடுத்தார். சித்தி திரும்பியதும் தடுப்புக்கு மேலே தலை எழுந்தது.

"அக்கா, ஒருத்தர் புட் வாங்கினாரு, நாலு. குரல் லேசா நடுங்குச்சு, ஆனா இருமலாவும் இருக்கலாம். மூணா, நாலா?"

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவர் என்ன பேசினாரோ, அதை அப்படியே பேசிக் காட்டு," என்றார்.