ஐநூற்றில் ஒரு வாஷர்

கடையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஏன் அக்கா'. இருபத்திரண்டு வருஷம் வாஷிங்மெஷின் பழுது பார்த்தவள். அந்த சர்வீஸ் சென்டரை மூடியதும், விளையாட்டு மெஷின்களை வரவழைத்து விற்கும் ஒரு கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தாள். எதைக் கழற்றினாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்காமல் திரும்ப மூட மாட்டாள். கடைக்காரருக்கு அதில் சில நாள் தலைவலி, பல நாள் லாபம்.

ஒருமுறை இரண்டு பின்பால் மெஷின்கள் ஒன்றாக வந்து இறங்கின. கண்ணாடிக்கடியில் சாய்வான பலகை, அதில் உருண்டோடும் இரும்புக் குண்டு, அது கீழே விழுந்துவிடாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். இரண்டுமே ஒரே விண்வெளிப் படத்தின் உரிமையை வாங்கிச் செய்தவை. ஒன்று சாதாரணம், ஒரு ஓட்டலுக்குப் போக வேண்டியது. இன்னொன்று உலகத்துக்கே ஐநூறுதான் என்று நம்பர் போட்ட ஸ்பெஷல். அதை வாங்கியிருந்தவர் ஒரு கண் டாக்டர். விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. அந்தப் பணத்துக்கு ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம்.

ஏன் அக்கா விடுவாளா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பலகையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"தம்பி, இங்க வாங்க" என்று கடைக்காரரைக் கூப்பிட்டாள். முதலாளியானாலும் அவளைவிடப் பத்து வயது சின்னவர். "அதே மோட்டார், அதே ஒயர். இதுல படம் கொஞ்சம் மினுங்குது, ஓரத்துல தங்கக் கலர் பெயிண்ட், நடுவுல இருக்கிற கப்பல் பிளாஸ்டிக்குக்குப் பதிலா உலோகம். அப்புறம் 317ன்னு ஒரு தகடு. இதுக்கா இன்னொரு மெஷினோட விலை?"

"ஹீரோவைப் பாருங்க அக்கா. சாதாரணத்துல முதுகுதான் தெரியும். முகத்துக்குத் தனிக் காசு கேட்டாராம். குரலுக்கு வேற. அதெல்லாம் ஐநூறு பேர் தலையில விழுது."

"அஞ்சாயிரம் மெஷின் செஞ்சா ஆளுக்குக் கொஞ்சமாத்தானே விழும்?"

"விழும். ஆனா அப்ப எவன் வாங்குவான்?"

அந்தப் பதில் அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மெஷினை டாக்டர் வீட்டு மாடி அறையில் நிறுத்தி, மட்டம் பார்த்து முடித்ததும், "ஓட்டலுக்குப் போனதைவிட இதுக்கு ஏன் இரண்டு மடங்கு கொடுத்தீங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். டாக்டர் கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு கைபேசியை எடுத்து நீட்டினார். அதில் ஒரு பூனை, ஒரு மெஷின் கண்ணாடி மேல் சுருண்டு படுத்திருந்தது.

"இது 212ஆம் நம்பர் மெஷின். சொந்தக்காரர் எங்கேயோ பனி கொட்டற ஊர்ல இருக்கார். நேர்ல பார்த்ததே இல்ல. தினமும் பேசுவோம். ஐநூறு பேர்ல நானும் ஒருத்தன். விளையாட்டுன்னு பார்த்தா ஓட்டல்ல இருக்கறதும் இதேதான்மா, எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது மாதம் டாக்டர் பதறிக்கொண்டு போன் செய்தார். குண்டை விழுங்கக் கதவு திறக்க வேண்டிய கப்பல் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் போய்க் கழற்றினாள். உலோகக் கப்பலின் கனம் தாங்காமல் அச்சு இறங்கி, பல்சக்கரம் பிடி கிடைக்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டலில் நாள் முழுக்க அடி வாங்கும் பிளாஸ்டிக் கப்பலோ சிவனே என்று ஓடிக்கொண்டிருந்தது. பைக்குள் துழாவி, ஒரு பழைய வாஷிங்மெஷினில் கழற்றிய பிளாஸ்டிக் வாஷரை எடுத்து அச்சுக்கடியில் கொடுத்தாள். கப்பல் வாயைத் திறந்தது.

டாக்டர் அதைப் படம் எடுத்துத் தன் கூட்டத்துக்கு அனுப்பினார். அரை மணியில் கைபேசி அலற ஆரம்பித்தது. அத்தனை பேர் வீட்டிலும் அதே கோளாறு.

"நானே செஞ்சு அனுப்பறேன்" என்றாள் அவள். அடக்க விலைக்கு மேல் கொஞ்சம் கூலி வைத்து, ஒரு டீ விலைதான் சொன்னாள். வந்தது நாலே ஆர்டர். 'இவ்வளவு மலிவா? என் மெஷினுக்கு ஆகாது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கடைக்காரர் சிரித்தார். "சின்னப் பெட்டியில வைங்க. அவங்கவங்க மெஷின் நம்பரை வாஷர்ல பொறிங்க. விலையைப் பத்து மடங்கு ஏத்துங்க."

"ஏமாத்து வேலை இல்லையா தம்பி?"

"சொல்லாம வித்தாத்தான் ஏமாத்து. எல்லாத்தையும் எழுதி உள்ள வெச்சிடுங்க."

அவள் அப்படியே செய்தாள். 'இதே தடிமனில் எந்தப் பிளாஸ்டிக் வாஷர் போட்டாலும் வேலை நடக்கும்' என்று எழுதி, அதை விற்பனைப் பக்கத்திலேயே முதல் வரியாகப் போட்டாள். ஒருத்தரும் அதைச் சட்டை செய்யவில்லை. பத்து நாளில் நானூற்றுச் சொச்சம் ஆர்டர். பொறித்துப் பொறித்து அவள் கட்டைவிரல் காய்த்துப் போனது. முதலில் வந்த நாலு பேருக்கும் பழைய விலைக்கே நம்பரோடு அனுப்பினாள். கிடைத்த பணத்தில் பாதியைக் கடைக்காரர் வாதாடாமல் அவள் கையில் கொடுத்தார். அதில் அவள் தனக்கென்று ஒரு சின்னக் கடைசல் மெஷின் வாங்கிப் போட்டாள்.

கடைசியாக வந்த ஒரு ஆர்டரில் மெஷின் நம்பர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. விசாரித்து எழுதினாள். பதில் வந்தது: 'என்கிட்ட மெஷின் இல்ல. லாரி ஓட்டறேன், அதெல்லாம் வாங்க முடியாது. வாஷராவது இருக்கட்டுமேன்னு பார்த்தேன்.'

அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நம்பர் எதுவும் பொறிக்காமல் ஒரு வாஷரை நன்றாக மெருகேற்றிப் பெட்டியில் வைத்து, காசு வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து லாரிக்காரர் சாவிக்கொத்தில் அதைக் கோத்துப் படம் அனுப்பியிருந்தார். கீழே ஒரு கேள்வி: 'நம்பர் இல்லாதது இது ஒண்ணுதானா அக்கா?'

'ஆமா, அது ஒண்ணேதான்' என்று எழுதினாள்.

'அப்ப இதோட விலை என்ன இருக்கும்?'

அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தாள்.