கொக்கியில் மாட்டிய பாவங்கள்

ஆற்றிலிருந்து துணி எடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், சலவைக் கடை வைத்திருக்கிறீர்களா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தாமிரபரணியில் முங்கிக் குளித்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டால் பாவம் தொலையும், தோஷம் கழியும் என்று ஊர் ஊராக வேன் பிடித்து வருகிறார்கள். பாவம் தொலைகிறதோ என்னவோ, துணி தொலைவதில்லை. பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு, ஆற்றுக்குள் இருக்கிற எங்கள் ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றுப் பக்கம் போய் அழுகிக் கிடக்கும். நீளக் கொக்கி போட்டு அதைக் கரைக்கு இழுக்க, ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பிய சின்ன அமைப்பு ஒன்று என்னையும் செல்வியையும் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. அடுத்தவர் போட்டதை அள்ளி வயிறு வளர்க்கிற என் சகோதர சகோதரிகள் எந்த ஊரில் இருந்தாலும், இதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

செல்வி யார் என்று சொல்லிவிடுகிறேன். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தவள். அந்தப் பெண்ணுக்கு நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பையன், பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. நிச்சயம் பண்ண நாள் பார்க்கிற கட்டம். கொக்கியைத் தண்ணீரில் வீசும்போதும் செல்விக்கு அந்த நினைப்புதான்.

கம்பிக் கூண்டு

'துணியை ஆற்றில் விடாதீர்கள், இதில் போடுங்கள்' என்று எழுதிப் படித்துறையில் ஒரு கம்பிக் கூண்டு வைத்தோம். முதல் வாரம் அதில் ஆடு ஒன்றுதான் ஏறிப் படுத்தது. பிறகு ஒரு நாள் காரில் வந்த ஒருவர் குளித்துவிட்டு, ஈர வேட்டியை நேராகக் கொண்டுபோய்க் கூண்டுக்குள் போட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அதற்குள் மனிதர் ஜோசியருக்குப் போன் போட்டுவிட்டார். ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் பலன் என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். கூண்டிலிருந்து வேட்டியை எடுத்து, நட்டாற்றைப் பார்த்து வீசினார்.

பிறகு படியில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று முடித்தார். காகிதத்தை நாலாக மடித்து, ஞாபகமாகக் கூண்டுக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆத்துல குப்பை போடுறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க."

சமாதானக் கூட்டம்

எங்களுக்கு மேலே இருக்கிற ஊரில் சுத்தம் செய்கிற விதமே தனி. மூங்கில் கம்பால் துணிகளை நடு ஓட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அவை மிதந்து வந்து எங்கள் எல்லையில் கரை ஒதுங்கும். இதனால் இரண்டு ஊருக்கும் வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்புக்குப் போனது. எங்கள் அமைப்பு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து ஒரு சமாதானக் கூட்டம் போட்டது. பஜ்ஜி தீரும்வரை நல்ல சமாதானம் நிலவியது.

அதற்குப் பிறகு அந்த மேல் ஊர் வார்டு மெம்பர் எழுந்தார். "எங்க எல்லையில ஒரு துண்டு கிடந்தா காட்டும் வே" என்று சவால் விட்டார். எல்லாரும் இப்படியே தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் யார் எடுப்பது என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "நீரும் பைய தள்ளிவிடும். ஏரல் தாண்டிட்டா புன்னக்காயல், அங்கன தாண்டிட்டா கடல். கடலுக்கு எந்த மெம்பரு வே வந்து கேக்கப் போறான்?"

கலர் சேலை

ஒரு கம்பெனியிலிருந்து ஆற்றைச் சுத்தம் செய்ய இளைஞர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு தொப்பி, கையுறை, நெஞ்சில் ஆற்றின் படம் போட்ட பனியன். வீடியோ எடுப்பவர் வரத் தாமதமானதால் நானும் செல்வியும் வழக்கம்போல எங்கள் வேலையைப் பார்த்து, இருந்ததையெல்லாம் கரையேற்றிவிட்டோம். வீடியோக்காரர் வந்து பார்த்தால் ஆறு சுத்தமாகக் கிடக்கிறது. வந்த பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. கூட்டிவந்த பெண், எடுத்ததில் கொஞ்சத்தை, கலராக இருக்கிறதாகப் பார்த்து, திரும்ப ஆற்றில் போடச் சொன்னாள். அமைப்புக்குப் பணம் கொடுப்பவர்கள் ஆயிற்றே. போட்டோம்.

நாலைந்து சேலை அவர்கள் கையில் சிக்கியது. மிச்சம் ஓட்டத்தோடு போனது, அதைப் பிடிக்க செல்வி தண்ணீரில் இறங்கினாள். அதில் ஒரு சிவப்புச் சேலை தண்ணீருக்கடியில் செல்வியின் இரண்டு காலையும் சுற்றிவிட்டது. நான் பார்த்தபோது அவள் கை மட்டும்தான் மேலே தெரிந்தது. எப்படிக் குதித்தேன், எப்படி இழுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. படியில் போட்டு முதுகைத் தட்டினேன். தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தாள். கூட்டிவந்த பெண் பதறிக்கொண்டு வீடியோக்காரரிடம் ஓடினாள்: "ஐயோ, இது வீடியோல வந்துருச்சா? கட் பண்ணிருங்க, நெகட்டிவா இருக்கும்."

நாங்குநேரிச் செய்தி

அந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா செல்வியின் வீட்டைப் பார்க்க வந்தார். காப்பி குடித்தார், பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்தார், செல்விக்கு என்ன வேலை என்று கேட்டார். செல்விக்கு மறைக்கத் தெரியாது. உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மா மிச்சக் காப்பியைக் கீழே வைத்தவர்தான், மறுபடி எடுக்கவில்லை. இரண்டு நாளில் தரகர் எங்கள் படித்துறைக்கே வந்தார். செல்வியின் முகத்தைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துச் சொன்னார்: "ஊர்ப் பாவத்தையெல்லாம் கையால தொடுத வீட்டுல பொண்ணு எடுத்தா, அது எங்க வீட்டுக்குள்ளல்லா வந்து ஏறும்னு சொல்லுதாவ."

அமாவாசை

அமாவாசை என்றால் எங்களுக்கு நிமிர நேரமிருக்காது. அன்றைக்கு நின்ற வேன்களில் ஒன்றிலிருந்து அதே அம்மா இறங்கினார், பின்னால் மாப்பிள்ளைப் பையன். அவனுக்கு ஏதோ தோஷம், அதனால்தான் இதுவரை பார்த்த இடமெல்லாம் தட்டிப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் முங்கினார்கள். பையன் வேட்டியை விட்டான், அம்மா சேலையை விட்டார். எங்கள் பக்கம் திரும்பாமலே மாற்றுத் துணி உடுத்தி வேன் ஏறிப் போனார்கள். பையன் மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், அவனால் ஆனது அவ்வளவுதான்.

அந்தச் சேலை நேராக செல்வி நின்ற பாறைக்கு வந்தது. விட்டுவிடு, நான் எடுக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கொக்கி போட்டு இழுத்து, பிழிந்து, குவியலில் போட்டாள். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் கை நிற்கவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "சம்பந்தம்தான் வேண்டாம்னுட்டாவ, பாவத்த மட்டும் எங்கிட்டயே அனுப்பி வச்சிருக்காவளே அண்ணே."

வந்தவர்கள் எல்லாரும் பாவத்தைத் தொலைத்துப் புண்ணியவான்களாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டபடியால், இந்த ஜில்லாவில் இப்போதைக்கு மிச்சமிருக்கிற பாவிகள் நானும் செல்வியும் மட்டும்தான்.