ஒட்வாரின் மூன்றாவது பீர்

ஒட்வாருக்குக் கத்தவே தெரியாது. எங்கள் வோஸ் பக்கத்தில் பீருக்கு ஈஸ்ட் விடும்போது வாய்விட்டுக் கத்த வேண்டும். எவ்வளவு பலமாகக் கத்துகிறோமோ அவ்வளவு பலமாகப் பீர் ஏறும். ஐம்பத்தொன்பது வயசு மனுஷன், என் கொட்டகையில் கையில் ஈஸ்ட் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவன் மாதிரி நெளிந்தான்.

"கத்துப்பா."

"கத்தினா பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க ராக்னா?"

"பக்கத்து வீட்டுக்காரி நான்தான். உன் பக்கத்துலதான் நிக்கிறேன். கத்தித் தொலை."

தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த நிறுத்தம் எது என்று பஸ்ஸில் சொல்வார்களே, அந்தக் குரலில் "ஓய்" என்றான்.

"போச்சு. இதைக் குடிச்சா கொட்டாவிதான் வரும்" என்றேன்.

முப்பது வருஷம் பெர்கன் பட்டணத்தில் பஸ் ஓட்டியவன். வீட்டில் காய்ச்சும் பீரை "ஆட்டுத் தண்ணி" என்று கிண்டல் செய்துகொண்டு, கடை டப்பாவைத் திறந்து குடித்தவன். அவன் என்னிடம் வந்து கற்றுக்கொடு என்று நின்றதற்குக் காரணம் அவனுடைய அண்ணன் சிக்வால். பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்து, சிக்வால் முதியோர் இல்லத்தில் கிடந்தார். வருஷக்கணக்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. இவன் வேலையை விட்டுவிட்டு அண்ணன் பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்துவிட்டான்.

"அவர் போறதுக்குள்ள என் கையால காய்ச்சின பீர் ஒரு கிளாஸ் அவர் குடிச்சிடணும். அது போதும் எனக்கு" என்றான்.

அவர்கள் பிரிந்ததும் பீரால்தான். எங்கள் வழக்கப்படி பண்ணை மூத்தவனுக்குப் போயிற்று. ஒட்வாருக்குள் அது புகைந்துகொண்டே இருந்தது. அவன் பெர்கனில் வீடு பிடித்தபோது சிக்வால் ஒரு ஜாடியில் வீட்டு ஈஸ்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தயிருக்கு உறை மாதிரிதான் இதுவும். ஒரு வீட்டு ஈஸ்ட் அந்த வீட்டுக்கே உரியது, தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்துக் காப்பாற்றுவார்கள். "பண்ணையில பாதி தர முடியல. இதுல பாதி உனக்கு" என்றாராம். அண்ணன் படியிறங்கிய கையோடு இவன் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டான். அதற்குப்பின் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அண்ணன் போனில் "ஈஸ்ட் எப்படிடா இருக்கு?" என்று கேட்பதும், இவன் "ஜம்முன்னு இருக்கு" என்பதும் பத்து வருஷம் நடந்தது.

அப்புறம் சிக்வால் வீட்டு ஈஸ்ட் கெட்டுப்போயிற்று. யாருக்கும் வருவதுதான், வெட்கமில்லை. எங்கே கொடுத்து வைத்தோமோ அங்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவன் இல்லையென்று சொல்லக்கூடாது, அது எழுதாத சட்டம். அவர் ரயில் பிடித்து பெர்கன் போய்த் தம்பி வாசலில் காலி ஜாடியோடு நின்றார். ஒட்வாருக்கு வேறு வழியில்லை, உண்மையைச் சொன்னான். சிக்வால் ஊற்றி வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார்.

"ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. ஜாடியை மறுபடி காகிதத்துல சுத்தி, பைக்குள்ள வச்சிட்டுப் போயிட்டார்" என்பான் ஒட்வார். என் கொட்டகையில் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. கேட்கும்போதெல்லாம் நான் அண்டாவுக்கடியில் விறகைத் தள்ளுவேன், தேவையே இல்லாவிட்டாலும்.

ஏனென்றால் சிக்வால் பெர்கனுக்குப் போவதற்கு முதல் நாள் என் வீட்டுக்குத்தான் வந்தார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். "வளையம் பத்திரம்" என்பதுதான் போகும்போது அவர் சொன்ன ஒரே வார்த்தை. ஈஸ்டில் முக்கி எடுத்துக் காயவைத்து, அடுத்த தடவைக்கு அந்த ஈஸ்டைக் காப்பாற்றி வைக்கிற மர வளையம் அது. நான் சாமர்த்தியசாலியாச்சே, சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே மாட்டினேன். வெந்து செத்துப்போயிற்று. என் புருஷன் வீட்டுக்காரர்கள் ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்ட ஈஸ்ட் அது. அழுதுகொண்டே தொழுவத்துப் பின்வழியாக சிக்வால் வீட்டுக்கு ஓடினேன். ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக் கொடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. என்னைக் கொன்னுடுவாங்க."

"யார்கிட்ட சொல்லப்போறேன், ஆட்டுக்கிட்டயா? போம்மா, கண்ணைத் தொடச்சிட்டுப் போ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஈஸ்ட் என்பது சிக்வால் வீட்டு ஈஸ்ட். மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதில் காய்ச்சிய பீரைக் குடித்துவிட்டு, "நம்ம ருசி எங்கே வரும் மத்தவங்களுக்கு!" என்றார். நானும் தலையாட்டினேன். அப்புறம் எனக்கே அந்தப் பெருமை ஒட்டிக்கொண்டது.

அவருடைய ஈஸ்ட் கெட்டபோது அவர் வந்து என் சமையலறையில் உட்கார்ந்தார். மாமியார் எதிரே கம்பளி பின்னிக்கொண்டிருந்தார், புருஷனும் இருந்தார். சிக்வாலின் கோட்டுப் பைக்குள் ஜாடி புடைத்துக்கொண்டு தெரிந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். செம்மறிக்குக் குளம்பு நோய் வந்திருக்கிறது என்று கால்மணி நேரம் பேசினார். எழுந்து போய்விட்டார். எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் பின்வழியாக ஒரு ஜாடி கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் என் கை அழுகியா போயிருக்கும்? கொடுக்கவில்லை. ஒரே ருசி இரண்டு வீட்டில் வந்தால் ஊர் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்றேன். மாமியார் செத்தார், புருஷனும் போனார், அப்புறமும் நாளைக்குத்தான். சிக்வால் அதற்குப்பின் வேறு யாரிடமும் போய்க் கேட்கவுமில்லை, காய்ச்சவும் இல்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் ஒட்வார் பீர் கற்றுக்கொள்ள வந்தான்.

முதல் தடவை, பீப்பாயின் அடியில் வடிகட்டியாக ஜூனிப்பர் மரக் கிளைகளைப் பரப்பாமல் முளைகட்டிய பார்லியைக் கொட்டிவிட்டான். துளை அடைத்துக்கொண்டு மொத்தமும் கூழாக நின்றது. சாயங்காலம் வரை குச்சியை வைத்துக் குத்திக்கொண்டிருந்தான்.

"கஞ்சி காய்ச்சவா வந்தே? உப்புப் போடு, நாய்க்கு வைக்கலாம்."

"நீ சொல்லவே இல்லியே!"

"சட்டை போட்டுக்கணும்னுகூடத்தான் சொல்லல. போட்டுட்டுத்தானே வந்திருக்கே?"

இரண்டாவது தடவை, எவனோ எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, பார்லிச் சாற்றை ஜில்லென்று ஆறவிட்டு ஈஸ்டை விட்டான். எங்கள் ஈஸ்டுக்குக் கறந்த பாலின் சூடு வேண்டும். அது குளிரில் சுருண்டு படுத்துக்கொண்டது. "ஓய்" என்று அவன் கத்தியதும் அப்போதுதான். ஆனால் எனக்கு ஒன்று பிடித்திருந்தது. கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டு முகம் சுளிக்காமல் மறுபடி பீப்பாயைத் தேய்ப்பான்.

மூன்றாவது தடவை எல்லாம் கூடிவந்தது. காலையில் தீ மூட்டி, ஜூனிப்பர் தண்ணீரைக் காய்ச்சி, சாறு இறக்கி, நாலு மணி நேரம் அண்டாவில் கொதிக்கவிட்டான். விரலை விட்டுப் பார்த்து, "பால் சூடு" என்று அவனே சொன்னான். ஈஸ்டை ஊற்றி ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள், கூரையில் இருந்த பனி சரிந்து விழுந்தது. நான் சிரித்து மாளவில்லை. இரண்டே நாளில் பீர் தயார். ஒரு வாய் குடித்தேன். அப்படியே சிக்வால் வீட்டுப் பீர். என் கையில் எப்போதும் கொஞ்சம் மாறும். இவன் கையில் மாறவே இல்லை.

இரண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனோம். நானும் வருகிறேன் என்று ஏன் ஒட்டிக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சிக்வால் தலையணையில் சாய்ந்திருந்தார். ஒட்வார் கிளாஸை அவர் நல்ல கையில் கொடுத்துக் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டான். குடித்தார். வாயில் வைத்திருந்து விழுங்கினார். மறுபடி குடித்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இது நம்ம வீட்டுப் பீருடா."

ஒட்வார் கண் கலங்கிவிட்டான். "இல்லண்ணே. அதைத்தான் நான் கொட்டிட்டேனே. இனிமே உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். இது ராக்னா வீட்டு ஈஸ்ட்."

"நம்ம வீட்டுதுதான். எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா இல்லண்ணே. பத்து வருஷம் உங்களை ஏமாத்தினது போதும். வேணும்னா ராக்னாவையே கேளுங்க."

சிக்வால் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே ஒரு மண்ணும் இல்லை, கார் நிறுத்துமிடம்.

"சரிடா" என்றார் கடைசியில். "என் நாக்கு செத்துப்போச்சு போல." கிளாஸைப் பாதியில் மேஜைமேல் வைத்துவிட்டார். பழைய வாக்கைக் காப்பாற்றிவிட்டார், மகராசன். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒட்வார்தான் பீர் காய்ச்சினான். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "எங்கண்ணன் அடக்கத்துல எங்க வீட்டுப் பீர் ஊத்தியிருக்கணும். என்னால அது இல்லாமப் போச்சு. மன்னிச்சிடுங்க" என்றான். என் தட்டில் இருந்த கறித்துண்டை நான் மென்றுகொண்டே இருந்தேன்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் சாலை வரைபடத்தோடு என் கொட்டகைக்கு வந்தான். அவன் அப்பா எந்தக் காலத்திலோ யார் யாருக்கு ஈஸ்ட் கொடுத்தார் என்று விசாரித்து, பதினேழு பண்ணைகளுக்குப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். ஒவ்வொன்றாகப் போய்க் கேட்கப்போகிறானாம். எங்காவது ஒரு வீட்டில் உயிரோடு இருக்காதா என்று.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அடுப்பு, வளையம், பின்வழி, கோட்டுப் பைக்குள் இருந்த ஜாடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு அவன் வரைபடத்தை நாலாய் மடித்தான்.

"அப்ப அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

"ஆமா."

"நான்தான் சண்டை போட்டு அவர் வாயை அடைச்சிருக்கேன். குடிச்சிட்டு இருந்ததைக் கீழ வைக்க வச்சிட்டேன்."

"நீ இல்லப்பா. நான்."

"பக்கத்துலதானே நின்னே ராக்னா? ஒரு 'ஆமா' சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

ஆணி மேல் மாட்டியிருந்த வளையத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப்பின் என் கொட்டகைக்கு வரவில்லை, வழியில் பார்த்தால் தொப்பியைத் தொடுவான், அத்தோடு சரி.

அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் சிக்வாலின் கொட்டகையிலிருந்து அந்தக் கத்தல் கேட்டது. தொழுவத்தில் என் கறவை மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் பீப்பாய் திறக்கிற அன்று யாரும் வாவென்று அழைப்பதில்லை. கத்தல் கேட்டு இரண்டாம் நாள் அக்கம்பக்கத்தார் தானாகப் போவார்கள். நான் போகக்கூடாது என்று மத்தியானம் வரை இருந்தேன். பிறகு போனேன்.

பன்னிரண்டு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மரக்கிண்ணம் கைமாறி வந்தது. மேல் பண்ணைக் கிழவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அடேயப்பா! இது ராக்னா வீட்டு ருசியில்ல?" என்றார்.

ஒட்வார் பீப்பாய் பக்கத்திலிருந்து நகரவில்லை. "ராக்னாவே சொல்லட்டுமே, யார் வீட்டுதுன்னு" என்றான்.

கிண்ணம் அப்போது என் கையில் இருந்தது. பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் தளும்பி என் பாவாடையில் கொட்டியது.

"சிக்வால் வீட்டுது" என்றேன். "எப்பவுமே அவர் வீட்டுதுதான். எங்க வீட்டு ஈஸ்டை நான் அடுப்புமேல வச்சுக் கொன்னேன். அவர்தான் குடுத்தார். அவர் திருப்பிக் கேட்டு வந்தப்ப நான் குடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவுமில்லை. கிழவர் தன் தாடியைத் தடவிக்கொண்டார். ஒட்வார் வந்து கிண்ணத்தை வாங்கி விளிம்புவரை நிரப்பி என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"குடி" என்றான்.

குடித்தேன். நாற்பது வருஷமாகச் சொல்லப் பயந்தது, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கேட்க வேண்டியவர் மட்டும் அந்தப் பெஞ்சில் இல்லை.